ஏரியா பேப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம், அண்ணா நகர் என்று பேட்டைக்கு ஒரு வாரப் பத்திரிகை இலவசமாக வாசலில் வந்து விழுவது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். 1994-இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். இப்படிப்பட்ட பத்திரிகைகளைப் படிப்பவர்களும் நடத்துபவர்களும் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். நடைமுறைகள் சென்னையை வைத்துச் சொல்லப்பட்டவை. சட்டங்கள் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

நாளிதழ் வாங்குகிறோம். ஏரியா பேப்பர் எதற்கு?

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். நாளிதழில் நகரச் செய்திக்குக் கிடைப்பது ஓரிரு பக்கம். உங்கள் வார்டின் முறை எப்போது வரும்? மழையில் யாராவது பள்ளத்தில் விழுந்தால் வரும். விழுவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதக்கூடியது ஏரியா பேப்பர்தான்.

வியாழக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 2 வரை எந்தெந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, ரேஷன் கடை எங்கே மாறியிருக்கிறது, லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக எந்தப் பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் எத்தனை மணியிலிருந்து வண்டி விடமாட்டார்கள் என்பதெல்லாம் ஒரு பேட்டைக்குள் பத்தாயிரம் வீட்டுக்கு வேண்டிய தகவல். பேட்டையைத் தாண்டினால் யாருக்கும் வேண்டாதது. அதனால்தான் பெரிய பத்திரிகை அதைப் போடுவதில்லை. அதில் தவறும் இல்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. ஏரியா பேப்பரால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியும். மூன்று வாரத்துக்கு முன் எழுதிய பள்ளம் மூடப்பட்டதா என்று போய்ப் பார்த்து, மூடவில்லையென்றால் மறுபடி எழுத, நிருபருக்கு ஒரு சைக்கிள் போதும். எங்களைக் கேட்டால் ஏரியா பேப்பரின் பயனில் பாதிக்கு மேல் இந்த மறுபார்வையில்தான் இருக்கிறது. ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிடுகிற பத்திரிகையை அதிகாரிகளும் விட்டுவிடுவார்கள்.

தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே. அது போதாதா?

அவசரத்துக்கு அதுதான் சிறந்தது. தண்ணி லாரி வந்தாச்சு, கேஸ் வாசனை வருது, தாத்தா ஒருவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்பதற்கெல்லாம் வாரப் பத்திரிகை உதவாது.

ஆனால் குரூப்பில் வருவதற்குப் பெரும்பாலும் தேதி இருக்காது. போன வருட மின்தடை அறிவிப்பு இந்த வருடம் சுற்றும். வேறு ஊர் வெள்ளப் படம் நம் சுரங்கப்பாதை என்று வரும். குரூப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், தெருமுனையில் இஸ்திரி போடுபவர் யாரும் அதில் இல்லை. தெருவைப் பற்றிய பேச்சில் தெருவில் வாழ்பவர்களில் பாதிப் பேருக்கு இடமில்லாமல் போகிறது. அச்சிட்ட பேப்பர் எல்லா வாசலிலும் விழும், டீக்கடை பெஞ்சிலும் கிடக்கும்.

குரூப்பில் வந்த தகவலைப் பத்திரிகையில் எடுத்துப்போடும் முன் மூன்றைப் பாருங்கள்: முதலில் அனுப்பியது யார், எந்தத் தேதி, நேரில் பார்த்தவர் யார். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் நிருபர் நேரில் போகவேண்டும். அதே தெருவில்தான் இருக்கிறோம், போகாமல் எழுதக் காரணமே கிடையாது. குரூப்பில் வந்த படத்துக்கும் எடுத்தவரிடம் அனுமதி வாங்குங்கள். படத்தின் உரிமை அவருடையது.

தெருப் பிரச்சினையை எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

“எங்கள் பகுதியில் சாக்கடை நிரம்பி வழிகிறது. அதிகாரிகள் கண்டுகொள்வார்களா?” இப்படித்தான் பெரும்பாலான செய்திகள் முடிகின்றன. இதைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும் இது தன் வேலை என்று தோன்றாது.

முதலில் யாருடைய வேலை என்று தெரியவேண்டும். சென்னையில் கழிவுநீர்க் குழாயும் அதன் மேன்ஹோலும் குடிநீர் வாரியத்துடையவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடினால் இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டும், ஏனென்றால் இரண்டுமே ஓரளவு உண்மை சொல்கின்றன. யாரோ ஒருவர் வீட்டு இணைப்பைத் திருட்டுத்தனமாக வடிகாலில் விட்டிருக்கலாம், அல்லது வாரியக் குழாய் அடைத்துக்கொண்டு வழிந்து அதில் இறங்கலாம். எது என்று தெரியாமல் எழுதினால் செய்தி வீண். சாலையிலும் இதே கதை. உட்தெரு மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பஸ் போகும் சாலை மாநகராட்சியின் பேருந்துத் தடச் சாலைகள் துறையின் பொறுப்பு. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. தெருவிளக்கு மாநகராட்சி, வீட்டுக்கு வரும் மின்சாரம் மின்வாரியம்.

அடுத்தது இடம். “பிள்ளையார் கோயிலுக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், 14-ஆம் எண் வீட்டு வாசலில் இருக்கும் மேன்ஹோல்” என்று எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுங்கள். சென்னையில் ஒரே தெருவில் இரண்டும் புழங்குவதால் ஆட்கள் வேறு வாசலில் நின்றுவிட்டு “பிரச்சினை இல்லை” என்று எழுதிக்கொண்டு போவதுண்டு.

மூன்றாவது புகார் எண். மாநகராட்சிக்கு 1913, மின்வாரியத்துக்கு மின்னகம் சேவை மையம் 94987 94987. புகார் கொடுத்தவரிடம் எண்ணையும் தேதியையும் வாங்கிச் செய்தியிலேயே அச்சிடுங்கள். வேலை நடக்காமலேயே “முடிக்கப்பட்டது” என்று புகாரை மூடிவிட்டிருந்தால் அதுவே தனிச் செய்தி. அந்தத் தேதியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

சாலை போடும்போது ஒரு வேலை கட்டாயம் செய்யவேண்டும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும், இல்லாவிட்டால் சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் போய்விடும். வேலை தொடங்கும் முன் நான்கைந்து வீடுகளில் வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளங்கள். முன்பு 22 செ.மீ. இருந்தது இப்போது 16 செ.மீ. என்று அளவோடு அச்சில் வந்தால் ஒப்பந்ததாரரால் “எல்லாம் சுரண்டித்தான் போட்டோம்” என்று சொல்ல முடியாது.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. பணி ஆணையின் நகல், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர், செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

கடைசியாக, செய்தி வெளியான அன்றே ஒரு நோட்டில் மறுபார்வைத் தேதியைக் குறியுங்கள். மூன்று வாரம் சரியான இடைவெளி. சரிசெய்திருந்தால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடவேண்டும். உதவிப் பொறியாளர் நல்ல வேலை செய்தால் அதைச் சொல்லும் பத்திரிகைக்குத்தான் அடுத்த முறை அவர் போனை எடுப்பார்.

செய்தி யார் கொண்டுவருவார்கள்? எத்தனை பேர் வேண்டும்?

8 பக்க வாரப் பத்திரிகைக்கு ஒரு ஆசிரியர், ஒரு முழுநேர நிருபர், விளம்பரத்துக்கு ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் பக்கம் வடிவமைப்பவர் ஒருவர் இருந்தால் போதும். விளம்பரம் பிடிப்பவரையே செய்தியும் எழுதச் சொல்லாதீர்கள். கடைக்காரர் முன்னால் கை நீட்டியவரால் அந்தக் கடை நடைபாதையை அடைத்திருப்பதைப் பற்றி எழுத முடியாது.

செய்தியின் ஊற்று அலுவலகத்தில் இல்லை. தெரு முழுக்கத் தெரிந்தவர்கள் பூக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பள்ளி ஆட்டோ ஓட்டுபவர், பிளாட் வாட்ச்மேன். வாரம் ஒருமுறை அவர்களிடம் பத்து நிமிடம் நின்று பேசுவது நிருபரின் வேலையில் அடக்கம். அவர்கள் சொன்னதைச் சரிபார்த்துப் போடுங்கள். ஆனால் சொன்னது அவர்தான் என்று தெரியும்படி எழுதாதீர்கள். அவர் பிழைப்பு அந்தத் தெருவில்தான்.

ஓய்வுபெற்றவர்கள் நிறைய எழுதித் தருவார்கள். நல்லதுதான். ஆனால் 1,200 சொல்லில் வருவதை 200 சொல்லுக்குச் சுருக்கவேண்டியிருக்கும். முன்கூட்டியே அளவைச் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இருக்காது.

பதிவு செய்யவேண்டுமா?

பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ சீரான இடைவெளியில் அச்சாகி வெளிவந்தால் பதிவு தேவை. இலவசமாகக் கொடுப்பதால் விலக்குக் கிடைக்காது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023 என்ற புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் ஒதுக்கீடு, பதிவு இரண்டுக்கும் பிரஸ் சேவா போர்ட்டல் என்ற அரசு இணையதளத்தில் ஒன்றாக விண்ணப்பிக்கலாம். முன்போல் மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி கொடுக்கவேண்டியதில்லை. பதிவில்லாமல் வெளியிட்டால் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகும்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ஏற்கெனவே பதிவான பெயரைப் போலவே இருந்தால், அதே மொழியில் என்றாலும் அதே மாநிலத்தில் வேறு மொழியில் என்றாலும், நிராகரித்துவிடுவார்கள். “டைம்ஸ்”, “எக்ஸ்பிரஸ்” என்று முடியும் பெயர்கள் நிறைய எடுக்கப்பட்டுவிட்டன. மாற்றுப் பெயர்களை விருப்ப வரிசையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வரும் முன் போர்டு, ரசீதுப் புத்தகம், விசிட்டிங் கார்டு எதுவும் அச்சடிக்கவேண்டாம்.

ஒவ்வொரு இதழிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம் இருக்கவேண்டும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் போடுவார்கள். கடைசி நேரத்தில் விளம்பரம் பெரிதாகி அந்த வரி காணாமல் போவது அடிக்கடி நடக்கும் தவறு. பக்க மாதிரியிலேயே அதைப் பூட்டி வையுங்கள்.

அச்சடிக்க எவ்வளவு காகிதம் ஆகும்? எந்த அச்சகம்?

டேப்ளாய்டு அளவு, ஏறக்குறைய 28 × 40 செ.மீ., 45 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 45 கிராம்) நியூஸ்பிரிண்ட் காகிதம் என்று வைத்துக்கொள்வோம். 8 பக்கம் என்றால் 4 தாள். ஒரு தாள் 0.112 சதுர மீட்டர், நான்கும் சேர்ந்து 0.448. அதை 45-ஆல் பெருக்கினால் ஒரு பிரதி 20 கிராமுக்குச் சற்று மேல். 10,000 பிரதிக்கு 200 கிலோ. அதன்மேல் சேதாரம் உண்டு. காகிதச் சுருளில் அச்சடிக்கும் வெப் ஆஃப்செட் எந்திரம் ஓடத் தொடங்கி நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை வருவதெல்லாம் குப்பைக்குத்தான் போகும். 10,000 அடித்தாலும் 3,000 அடித்தாலும் இந்த ஆரம்பச் சேதாரம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சின்ன எண்ணிக்கைக்கு வெப் எந்திரம் கட்டாது. 2,000 பிரதி வரை, தாள் தாளாக அச்சடிக்கும் தாள் ஆஃப்செட்டில் விலை கேட்டுப் பாருங்கள்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் ஏறும்: 4, 8, 12, 16. “இன்னும் ஒரு பக்கம் செய்தி இருக்கிறது” என்றால் நான்கு பக்கம் கூடும் என்று அர்த்தம்.

நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும். திரையில் நன்றாகத் தெரியும் படம் அச்சில் இருண்டுவிடும். முகங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஓரிடத்தில் விழும் நான்கு மையின் சதவீதங்களைக் கூட்டினால் 240-ஐத் தாண்டாமல் வையுங்கள். படம் அச்சாகும் அளவில் 200 டிபிஐ போதும். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கவேண்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பில் விட்டால், எந்திரம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு நிழல் விழும். இந்தத் தவறு பெரும்பாலும் வேர்டில் செய்து அனுப்பப்படும் விளம்பரங்களில் வரும்.

ஒரே அச்சகத்தை நம்பாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் தி ஹிந்துவே டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பை அச்சிட முடியவில்லை. நகரின் வேறொரு பக்கத்தில் இன்னொரு அச்சகத்தின் பக்க அளவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பக்கம் செய்யும்போது கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. ஏன்?

இரண்டு காரணம். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழை ஒட்டும்போது பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால் “கொ” உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் பாராகிராஃப் ஸ்டைலிலேயே அதை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துரு முறையில் அடித்த செய்தியை யூனிகோடுக்கு மாற்றும்போது வருவது. “கௌ” என்பது “கெள” என்று க-வும் கொம்பும் ள-வுமாக மாறிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. மாற்றியதும் “கெள”, “மெள”, “செள” என்று தேடித் திருத்துங்கள். இயல்பாகவே “கெள” வரும் சொற்களும் உண்டு என்பதால் மொத்தமாக மாற்றவேண்டாம்.

காலம் (column, பக்கத்தின் நெடுக்குப் பகுப்பு) குறுகலாக இருந்தால் நீளமான தமிழ்ச் சொல் அடங்காமல் பெரிய வெள்ளை இடைவெளி விழும். பக்கத்துக்கு ஐந்து காலம் வைப்பதைவிட நான்கு காலம் தமிழுக்கு வசதி. இருபுறமும் நேராக்காமல் இடப்புறம் மட்டும் நேராக்கினாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

இலவசமாகக் கொடுத்தால் பணம் எங்கிருந்து வரும்?

விளம்பரம்தான், வேறு வழி இல்லை. கணக்கு காலம்-சென்டிமீட்டரில் ஓடும். பக்கத்துக்கு நான்கு காலம், உயரம் 36 செ.மீ. என்றால் ஒரு பக்கம் 144 காலம்-செ.மீ., 8 பக்கம் 1,152. அதில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவே விளம்பரம் இருந்தால் பத்திரிகை தாங்கும். முக்கால் பங்கைத் தொட்டால் மக்கள் அதைத் துண்டுப்பிரசுரமாகத்தான் பார்ப்பார்கள். அச்சு, காகிதம், விநியோகம், சம்பளம், வாடகை எல்லாவற்றையும் கூட்டி, நிச்சயமாக விற்கும் காலம்-செ.மீ. எண்ணிக்கையால் வகுத்தால் வருவது உங்கள் குறைந்தபட்ச விலை. பக்கத்துப் பத்திரிகை வாங்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள்.

பத்திரிகையைச் சாய்ப்பது பெரும்பாலும் விளம்பரம் கிடைக்காதது அல்ல, வசூலாகாதது. அச்சகத்துக்கு அன்றே பணம், கோச்சிங் சென்டரிடமிருந்து மூன்று மாதம் கழித்து. வரி விளம்பரத்துக்கும் (கிளாசிஃபைடு) சின்னக் கடைகளுக்கும் முன்பணம் மட்டுமே என்று முதல் நாளிலிருந்து சொல்லுங்கள். கடன் கொடுப்பதானால் இரண்டு இதழுக்கு மேல் வேண்டாம். ஒரே விளம்பரதாரர் வருமானத்தில் கால் பங்கைத் தாண்டினால் அவரைப் பற்றி எழுதும் சுதந்திரம் போய்விடும்.

அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும்.

எந்த விளம்பரங்களை வாங்கக்கூடாது?

சர்க்கரை வியாதி, புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் போன்றவற்றைக் குணமாக்கும் மருந்து என்று வரும் விளம்பரம் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954-இல் தடைசெய்யப்பட்டது. கொடுத்தவர் மட்டுமல்ல, வெளியிட்டவரும் குற்றவாளி. ஏரியா பேப்பருக்கு அதிகம் வருவது இந்த வகைதான், அதனால் முதலில் சொல்கிறோம். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டுக்கு மேல் வீடுகளோ உள்ள திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் வாங்காதீர்கள். சீட்டு என்றால் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று சான்று கேளுங்கள். தீபாவளிச் சீட்டுக்காரர் ஓடிப்போனால் மக்கள் வந்து நிற்பது விளம்பரம் போட்ட பத்திரிகை வாசலில்தான்.

வீடு வாடகைக்கு விளம்பரங்களில் சாதியைக் குறித்து, நேராகவோ சுற்றி வளைத்தோ வருவதைப் போடவேண்டாம். சட்டம் தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தெரு முழுவதற்கும் போகிற பத்திரிகை, தெருவில் சிலரைப் பார்த்து உனக்கு இங்கே வீடு கிடையாது என்று சொல்லக்கூடாது.

பேப்பர் எல்லா வீட்டுக்கும் போகிறது என்று எப்படித் தெரியும்?

போகாது. இதை ஒப்புக்கொண்டுதான் தொடங்கவேண்டும். இலவசப் பத்திரிகையின் பெரிய ஓட்டை, கட்டு பிரிக்கப்படாமலே பழைய பேப்பர் கடைக்குப் போவது. மேலே சொன்ன கணக்குப்படி 500 பிரதிக் கட்டு 10 கிலோ. போடுபவருக்குப் பிரதிக்கு நீங்கள் கொடுக்கும் கூலி குறைவாக இருந்தால், நான்கு மாடி ஏறுவதைவிட எடைக்குப் போடுவது அவருக்கு லாபம். ஆகவே கூலியை நியாயமாக வைப்பதுதான் முதல் தடுப்பு.

தெருவாரியாக வீட்டுக் கணக்கு எடுத்து, அந்த எண்ணிக்கையை மட்டும் கட்டுங்கள். விநியோகம் முடிந்த அன்று மாலை நான்கு தெருவில் தெருவுக்குப் பத்து வீடு என்று கேளுங்கள். பத்தில் எட்டு வந்திருந்தால் நல்லது. ஐந்துக்குக் கீழே என்றால் அந்த வழியில் நீங்களே ஒரு வாரம் கூடப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் பூட்டிய கேட்டாகவோ நாயாகவோ இருக்கும். அடுக்குமாடிகளில் செக்யூரிட்டி மேசையில் கட்டாக வைத்தால் லிஃப்டுக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கும். சங்கச் செயலாளரிடம் பேசி, பால் போடுபவர் மூலம் மாடிக்கு அனுப்பும் ஏற்பாடு நன்றாக நடக்கிறது.

வசதியான தெருக்களுக்கு மட்டும் போட்டால் போதும் என்று விளம்பரதாரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். மயிலாப்பூர் என்றால் மாட வீதிகளோடு நொச்சிக்குப்பமும் சேர்த்துத்தான். குப்பத்துக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கும் போகாத பேப்பரில் அங்கத்துச் செய்தி வராது, வந்தாலும் புகாராகத்தான் வரும். இந்த வீடுகளுக்குப் போவதானால் தமிழில் இருக்கவேண்டும். ஆங்கிலப் பத்திரிகை என்றால் குறைந்தது இரண்டு பக்கமாவது தமிழ் வேண்டும்.

எழுதினால் கேஸ் போடுவார்களா?

அவதூறு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. “உண்மைதானே எழுதினேன்” என்பது மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்கவேண்டும், பொதுநலனுக்காகவும் இருக்கவேண்டும். கவுன்சிலர் வார்டு நிதியை எப்படிச் செலவழித்தார் என்பது பொதுநலன், அவர் வீட்டுச் சண்டை இல்லை. குற்றம்சாட்டப்பட்டவரின் பதிலை அதே இதழில் போடுங்கள். பதில் தரவில்லையென்றால் எந்தத் தேதியில் எப்படிக் கேட்டோம் என்று எழுதுங்கள்.

ஏரியா பேப்பருக்கு மட்டும் உள்ள ஒரு ஆபத்து உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர், படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி கூட அதில் அடக்கம். நாளிதழில் “மாம்பலத்தில்” என்றால் லட்சம் பேரில் ஒருவர். ஏரியா பேப்பரில் “இந்தத் தெருவில்” என்றால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இத்தகைய செய்திகளில் தெரு, பள்ளி, பெற்றோரின் தொழில் எதுவும் வேண்டாம். சட்டச் சிக்கலில் மாட்டிய சிறுவர்களுக்கும் இதே காப்பு இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் இருக்கிறது.

இரங்கல் செய்தியைக் குடும்பத்தினர் ஒருவரிடம் போனில் உறுதி செய்யாமல் போடாதீர்கள். மற்றப் பிழைகளுக்குத் திருத்தம் போட்டால் தீரும். இது தீராது.

பத்திரிகை ஏன் கோலப் போட்டி நடத்துகிறது?

மயிலாப்பூர் டைம்ஸ் ஜனவரியில் நடத்தும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதிக் கோலப் போட்டி பேர்போனது. 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து நகரம் கொண்டாடும் மெட்ராஸ் தினமும் 2004-இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா என்ற மூன்று பத்திரிகையாளர்கள் தொடங்கியதுதான். வாசகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தைப் பத்திரிகை உண்டாக்கித் தருகிறது. அதற்கப்புறம் அவர்கள் தாங்களாகவே செய்தி தருவார்கள்.

நடத்துவதானால் போக்குவரத்துக் காவல்துறை, மாநகராட்சி இரண்டின் அனுமதியையும் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். முந்தின இரவு தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஈரம் முழுக்கக் காயாவிட்டால் சாக்பீஸ் கோடு நிற்காது. 4 அடிச் சதுரங்கள், நடுவில் 2 அடி நடைவழி, சதுரத்துக்கு எண். நடைவழியைக் குறைத்தால் பார்க்க வருபவர்கள் கோலத்தை மிதிப்பார்கள், போட்டியே சண்டையில் முடியும். ஒரு மணி நேரம் போதும். வெயில் ஏறும் முன்போ மாலை 3 மணிக்கு மேலோ வையுங்கள்.

பழைய இதழ்களை என்ன செய்வது?

நியூஸ்பிரிண்ட் சில வருடங்களில் மஞ்சளாகி, மடிப்பில் உடையும். ஒவ்வொரு இதழிலும் பத்துப் பிரதியை மடிக்காமல் படுக்கவைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு செட் பைண்டு செய்யுங்கள், இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைக்கவேண்டாம். அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்பைத் தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். பழைய எழுத்துருவில் செய்த பக்கங்களை இப்போதே யூனிகோடு உரையாகவும் எடுத்து வைக்கவேண்டும், அந்த எழுத்துரு நாளைக்குத் திறக்காது. தமிழ் அச்சுப் பொருள்களைச் சேகரிக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகிப் பாருங்கள். நம் தெருவில் எந்த ஆண்டு எந்தக் கடை மூடியது, எந்தக் குளம் தூர்ந்தது என்பது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

எங்கள் பகுதிப் பேப்பர் நின்றுவிட்டது. குடியிருப்போர் சங்கம் எடுத்து நடத்தலாமா?

நடத்தலாம், மூன்று விஷயம் கவனித்தால். பழைய பெயர் பதிவு செய்த உரிமையாளருடையது. அவர் எழுத்துமூலம் மாற்றிக்கொடுத்து, அது போர்ட்டலில் பதிவாகும்வரை அந்தப் பெயரில் ஒரு இதழ்கூட அச்சிடக்கூடாது. பத்திரிகைக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பராமரிப்புப் பணத்தோடு கலந்தால் முதல் பொதுக்குழுவிலேயே பத்திரிகை பலியாகும். சங்கத்தின் தலைவரோ செயலாளரோ ஆசிரியராக இருக்கக்கூடாது. சங்கம் பூங்காவைப் பூட்டி வைத்தால், பூட்டிவைத்தது சரியா என்று வாடகைக்காரர் ஒருவர் எழுதும் கடிதத்தை முழுதாகப் போடத் துணிவுள்ள ஒருவரை ஆசிரியராக்குங்கள். தொடக்கத்தில் மாதம் ஒரு 4 பக்கம், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு. அது சேரும்வரை முதல் இதழைத் தள்ளிப்போடலாம்.